பரிகாரத்துக்கு வாங்கிய பாம்பு

அத்தை,

இன்று காலை உங்கள் ரோஜாப்பூப் போட்ட குவளையில்தான் பாம்புக்குப் போடும் எலியை ஊற வைத்தேன். ஆமாம், நீங்கள் மட்டுமே காப்பி குடித்த அதே குவளைதான். எலிக்கென்று வைத்திருந்த பிளாஸ்டிக் குவளை விரிசல் விட்டுவிட்டது. எலி கிடந்த பாத்திரம் மனிதர் வாய்க்கு வரக்கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். மனிதர் பாத்திரம் எலிக்குப் போகக்கூடாது என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. உறைந்த எலி வெந்நீரில் இளகும்போது ஒரு வாசனை வருமே, ஈரச் சாக்கையும் ஊசிப்போன சோற்றையும் சேர்த்து வைத்த மாதிரி, அது சமையலறை முழுக்க நின்றது. கூடவே உங்கள் குரலும் வந்துவிட்டது. "உள்ள இன்னும் குளுரு இருக்கும்டி, அமுக்கிப் பாரு." அமுக்கிப் பார்த்தேன். வயிறு இன்னும் கல்லாகத்தான் இருந்தது. செத்த பிறகும் நீங்கள் சொல்வது சரியாக இருப்பதில் எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமா?

நீங்கள் போய் வருடம் திரும்பப் போகிறது. திதிக்கு என்ன சமைப்பது என்று உங்கள் மகன் நேற்றுக் கேட்டார். உங்களுக்குச் சொல்ல வேண்டியது சமையலைவிட நிறைய இருக்கிறது. நீங்கள் இருந்தவரை உங்கள் முன்னால் நான் வாய் திறந்ததில்லை. திறந்தால் நான் சொல்ல வந்ததைப் பிடுங்கி எனக்கே திருப்பிக் குத்துவீர்கள். இப்போது உங்களால் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பிள்ளை தங்கவில்லை. முதலில் இரண்டு முறை நின்றது, இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. காரணம் எதுவும் தெரியவில்லை என்றார் டாக்டர். காரணம் இல்லாத ஒன்றை நம் ஆட்களால் பொறுத்துக்கொள்ள முடியுமா? ரவாங்கில் இருக்கும் உங்கள் அக்கா, பெரியம்மா, புக்கிட் பெருந்துங்கில் இருக்கும் நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கைப்பேசியில் யாராவது ஒரு பெண்ணின் படத்தோடு வருவார். "இவள அவங்க ஊட்டுல கொண்டுபோய் விட்டுட்டு தம்பிக்கு இன்னொன்னு பாரேன்" என்று நான் கலக்கிக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே சொல்வார். எந்த வீட்டில் கொண்டுபோய் விடுவது? என் அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். நான் பிறந்த தோட்டத்து லய வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கி அங்கேயும் எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டார்கள். இந்த வீட்டைவிட்டு இறங்கினால் எனக்குப் படுக்க ஒரு பாய் போடும் இடம் கிடையாது. அது உங்களுக்கும் தெரியும், உங்கள் அக்காவுக்கும் தெரியும். உங்கள் மகன் டிவி பார்த்துக்கொண்டிருப்பார்.

கோலா சிலாங்கூர் பக்கம் நீங்கள் பிறந்த தோட்டத்துக் கோயிலுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனீர்களே, அந்தச் சித்திரை வெயில் இன்னும் என் உச்சந்தலையில் இருக்கிறது. சாமியாடி என்னை வேப்பிலையால் விளாசிவிட்டுக் குறி சொன்னார். என் தாத்தா காடு வெட்டும்போது சினையாக இருந்த பாம்பு ஒன்றை வெட்டிப் போட்டாராம். நாகதோஷம் என் வயிற்றில் வந்து உட்கார்ந்திருக்கிறதாம். தோட்டத்தில் பிறந்த யாருடைய தாத்தா பாம்பை அடிக்காமல் இருந்தார்? அந்தக் கணக்குப்படி பார்த்தால் சிலாங்கூரில் ஒரு தமிழனுக்கும் பிள்ளை பிறந்திருக்கக் கூடாது. நான் அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நீங்கள் வாய்விட்டே சொன்னீர்கள், ஆனால் வேறொன்றை.

கல்லில் நாகர் செய்து வைத்துப் பால் ஊற்றச் சொன்னார் சாமியாடி. நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கல்லுக்குப் பால ஊத்துனா கல்லா குடிக்கப்போவுது? உசுரக் கொன்னதுக்கு உசுர வச்சிக் காப்பாத்தணும் லா. ஒரு பாம்ப வாங்கி இவ கையாலேயே வளக்கட்டும்" என்றீர்கள். அவர் மேல் வந்திருந்த சாமி அந்த நிமிடமே மலையேறிவிட்டது. திரும்பும் வழியில் காரிலேயே தீர்ப்பு எழுதி முடித்துவிட்டீர்கள். பாம்பு உயிரோடு இருக்கும்வரை பரிகாரம் நடக்கிறது. பரிகாரம் நடக்கும்வரை இன்னொரு கல்யாணம் என்ற பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. பாம்பு செத்தால்? அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள்.

உங்கள் அக்கா தொலைபேசியில் கத்தினார். நீங்கள் அமைதியாகச் சொன்ன பதிலைச் சமையலறையில் நின்றுகொண்டு கேட்டேன். "புதுசா ஒருத்தியக் கொண்டாந்து சாம்பார் வைக்கிறதுலேர்ந்து சொல்லிக் குடுக்க எனக்குத் தெம்பில்லக்கா. இது பழகிருச்சி. கெடக்கட்டும்." இது. பாம்பு வருவதற்கு முன்பே இந்த வீட்டில் நான் அஃறிணையாகிவிட்டேன். ஆனாலும் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நல்லபாம்பை வீட்டில் வைக்க முடியாது. விஷமில்லாத, கையில் எடுக்கக்கூடிய, சாதுவான பாம்பு வேண்டும் என்று நீங்கள் தேடியதில் அகப்பட்டவன்தான் செகிஞ்சானில் பாம்பு வளர்க்கும் சீனப் பையன் ஆ ஹொங். நெல்வயலுக்குப் பின்னால் வீடு. அறை முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள். ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போன நண்பன் ஒருவன் விட்டுச் சென்ற பெரிய பெண் பாம்பை அவன் விற்றுக்கொண்டிருந்தான். போவா, மலைப்பாம்பு மாதிரி. வால் பக்கம் செங்கல் நிறம், உடம்பெல்லாம் காப்பித்தூளைக் கொட்டிக் கோலம் போட்ட மாதிரி. நீங்கள் அவனைக் கேள்வி கேட்பீர்கள் என்று நினைத்தேன். அவன்தான் உங்களைக் கேட்டான். எங்கே வைப்பீர்கள், பூட்டு இருக்குமா, வீட்டில் யார் இருப்பார்கள், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள். பால் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான். "சூசூ தா போலே, ஆன்டி! மாத்தி!" பால் கூடாது, செத்துவிடும் என்று அவன் மலாயில் பதறியதைப் பார்த்து உங்களுக்கு அவன் மேல் மரியாதை வந்துவிட்டது. உங்களை அதட்டியவர்களை மட்டும்தான் நீங்கள் மதித்தீர்கள். அது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது.

எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்று கேட்டீர்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இருபது, முப்பது வருடம் என்றான். நீங்கள் என் பக்கம் திரும்பித் தமிழில், "அதுக்குள்ள எங்கக்கா போயிருவா" என்றீர்கள். உங்கள் முகத்தில் நான் பார்த்த ஒரே முழுச் சிரிப்பு அது.

வனவிலங்கு இலாகா அனுமதி கிடைக்காமல் பாம்பைத் தர மாட்டேன் என்றுவிட்டான். உங்கள் மகனை அதற்காக அலைய விட்டீர்கள். கோலா குபு பாருவில் நான் வேலை செய்யும் இரும்புக்கடையிலிருந்து பலகை, கண்ணாடி, பூட்டு எல்லாம் என் தலையில் கட்டிக் கொண்டுவர வைத்தீர்கள். கூடத்தின் மூலையில் ஆள் படுக்கலாம் போல ஒரு பெட்டி நின்றது. ஒரு பக்கம் விளக்குச் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி, இரண்டு பக்கமும் வெப்பமானி, சுருண்டு கிடக்கத் தண்ணீர்த் தொட்டி, ஒளிந்துகொள்ளக் கவிழ்த்த கூடை. ஆ ஹொங் சொன்ன ஒன்றையும் நீங்கள் மறக்கவில்லை. உயிரோடு எலி போடக் கூடாது, அது பாம்பைக் கடித்துவிடும். தின்ற பிறகு இரண்டு நாள் தொடக் கூடாது. கண் பால் பூத்தால் தோல் உரிக்கப் போகிறது, சும்மா விட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத நீங்கள் எல்லாவற்றையும் தலையில் எழுதிவைத்துக்கொண்டு என்னைப் பரீட்சை வைத்தீர்கள். பாம்புக்கு ராசாத்தி என்று பேரும் வைத்தீர்கள். "ராசாத்திக்குத் தண்ணி மாத்துனியா?" இந்த வீட்டில் நான் காது குளிரக் கேட்ட செல்லப் பெயர் அது ஒன்றுதான், அதுவும் எனக்கில்லை.

முதல் எலியைப் போட்ட அன்று நான் வாந்தி எடுத்தேன். நீங்கள் கதவருகே நின்று, "வாந்தியாச்சும் வருதே" என்றீர்கள். சிரிப்பு வராத வேடிக்கைகளில் நீங்கள் கெட்டிக்காரர்.

மூன்றாவது தடவை நின்றது ராசாத்தி வந்த பிறகுதான். பரிகாரம் பலித்துவிட்டது என்று நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்று. எனக்குத் தினமும் பேரீச்சம்பழம் வைத்தீர்கள், தட்டை மேசையில் 'டொக்' என்று வைத்துவிட்டுப் போவீர்கள். அதுவும் கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் நான் படுத்திருந்தேன். பெட்டியில் விளக்கு அணைந்திருந்ததை நீங்கள்தான் முதலில் பார்த்தீர்கள். நான் எழுந்து வந்து பல்பு மாற்றினேன். வெப்பமானி ஏறும்வரை பக்கத்திலேயே நின்றேன். அப்போது சொன்னீர்கள், அத்தை, கொஞ்சம்கூடக் குரல் உயர்த்தாமல்: "இதுக்கு மட்டும் சூடு சரியா வைக்கிறே. வயித்துல இருந்ததுக்கு வைக்கத் தெரியல."

மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததில்லை. அதை நான் மறக்கவில்லை. மறக்கப் போவதும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ராசாத்தி சாப்பிடுவதை நிறுத்தியது. விளக்குக்குக் கீழேயே கிடந்தது. நான்தான் பட்டினி போட்டுக் கொல்கிறேன் என்றீர்கள். ஆ ஹொங்கைக் கூப்பிட்டால் அவன் வந்து பார்த்துவிட்டுத் திருதிருவென்று விழித்தான். முன்னே வைத்திருந்த நண்பன் ஆண் பாம்போடு சேர்த்து வைத்திருந்தானாம், அதை இப்போதுதான் சொல்கிறானாம். போவா முட்டையிடுவதில்லை. குட்டி போடும். இதையும் நமக்கு அப்போதுதான் சொன்னான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைத் திறந்தால் ஈரக் காகிதத்தின் மேல் குட்டிகள். கண்ணாடி போன்ற சவ்வைக் கிழித்துக்கொண்டு, விரல் தடிமனில், ஒவ்வொன்றும் முழுசாகக் கோலம் போட்டுக்கொண்டு பிறந்திருந்தன. ராசாத்தி அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. நான் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். அழகாக இருந்தன, அத்தை. பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஒரு நிமிடம். பிறகு நீங்கள் வாசலுக்குப் போய் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்ட சத்தம் கேட்டது. "வாங்க, வாங்க! எங்க ஊட்டுல கொழந்த பொறந்திருக்கு!"

அதோடு விட்டீர்களா? நம்மவர்கள் பிள்ளை பிறந்த முப்பதாம் நாள் சாமி கும்பிட்டுச் சொந்தக்காரருக்குச் சோறு போடுவார்களே, அந்த முப்பதை நீங்கள் ராசாத்தியின் குட்டிகளுக்குக் கும்பிட்டீர்கள். பந்தல் போட்டு, வாழையிலை போட்டு. சிரித்துக்கொண்டே வந்தார்கள், ஒருவர் பாக்கியில்லாமல். பாம்புக்குட்டி பார்க்க யார் வரமாட்டார்கள்? குட்டிகளை ஆ ஹொங் ஏற்கெனவே தனித்தனிப் பெட்டியில் போட்டு வைத்திருந்தான், மறுநாள் கொண்டுபோவதற்காக. யாரும் தொடக் கூடாது, கூட்டமாகக் குனியக் கூடாது என்று நீங்களே பக்கத்தில் நின்று காவல் காத்தீர்கள். உங்கள் அக்கா முதல் ஆளாக இலையில் உட்கார்ந்தார். அவருக்குக் கேட்கும்படி, எல்லோருக்கும் கேட்கும்படி நீங்கள் சொன்னீர்கள்: "இந்த ஊட்டுல தொட்டில் கட்டி எத்தன வருசமாச்சி! வாயில்லாத சீவன் பெத்துப் போட்டிருச்சி. மருமவ வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறா."

நான் நிற்கவில்லை. குனிந்து பருப்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். சிலர் சிரித்தார்கள், சிலர் இலையைப் பார்த்தார்கள். உங்கள் மகன் ரசம் கேட்டார்.

அதற்குப் பிறகு நமக்குள் பேச்சு குறைந்தது. சர்க்கரை உங்கள் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. நீங்கள் கூடத்துக் கட்டிலுக்கு வந்தீர்கள். கட்டிலுக்கு நேர் எதிரே ராசாத்தியின் பெட்டி. உங்களை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று ஊரே மெச்சியது. ரகசியம் ஒன்றுமில்லை. ராசாத்திக்குச் செய்ததையேதான் உங்களுக்கும் செய்தேன். நேரத்துக்குத் தீனி, சுத்தமான தண்ணீர், ஈரமில்லாத படுக்கை, தேவையில்லாமல் தொடுவதில்லை, பேச்சுக் கொடுப்பதில்லை. புண் சுத்தம் செய்ய வந்த நர்ஸ் மிஸ்ஸியிடம், "நல்லாத்தான் பாக்குறா. மூஞ்சில ஒண்ணு இருக்காது, பாம்பு மாதிரி" என்றீர்கள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். நீங்களும் அப்படித்தான் சொன்னீர்களோ என்னவோ.

நீங்கள் போனது மழைக்காலத்தில். கூடம் நிறையக் கூட்டம், ஊதுவத்தி, சாம்பிராணி. யாரோ வாடகைக்குக் குளிரூட்டும் காற்றாடி கொண்டுவந்து வைத்தார்கள். தேவாரம் போட ஒலிபெருக்கி வந்தது. நான் உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன், மருமகள் அங்கேதானே உட்கார வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் ராசாத்தியின் விளக்கு அணைந்திருந்தது. ஒலிபெருக்கிக்காக அதன் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள். குளிர்காற்று நேராகப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் உங்களைச் சுற்றி மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் எழுந்தேன். அவர்களைத் தாண்டிப் போய்த் தேவாரத்தை நிறுத்தி விளக்கை மாட்டினேன். காற்றாடியைத் திருப்பி வைத்தேன்.

"மாமியா பொணம் நடுவூட்டுல கெடக்குது, இவ பாம்புக்கு வெளக்குப் போடுறா பாரு!" என்று சொல்லிவிட்டு உங்கள் அக்கா வாயில் துணியை வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் நீங்கள் எழுந்து உட்கார முடிந்திருந்தால் என்னைத்தான் திட்டியிருப்பீர்கள், இத்தனை நேரம் என்னடி பண்ணிக்கிட்டிருந்தே என்று. பிறகு நான் குளிக்கப் போன நேரத்தில் மறுபடியும் பிடுங்கிவிட்டார்கள். உங்களை எடுத்த பிறகு கவனித்தபோது பெட்டிக்குள் தரை ஜில்லென்று இருந்தது.

கருமாதிக்குள் ராசாத்தி வாயைப் பிளந்து மூச்சு விட ஆரம்பித்துவிட்டது. மூக்கில் நுரை. உங்கள் சாவுக்கு ஒரு சொட்டுக்கூட விடாத நான், அந்த நுரையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். பாம்புக்காக இல்லை. எனக்காக. அது செத்தால் பரிகாரம் முடிந்தது, நான் வெளியே என்று எனக்குத் தெரியும். வந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

கோலாலம்பூரில் ஊர்வன பார்க்கும் டாக்டரிடம் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். நுரையீரலில் சளி என்றார். மூன்று நாளுக்கு ஒருமுறை ஊசி. அவர் காட்டிக்கொடுத்தார், நானே போட்டேன். செதிலுக்கு நடுவில் ஊசி இறங்கும்போது அதன் உடம்பு முழுக்க ஒரு இறுக்கம் ஓடும், என் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். வலிக்கும். பிடிக்கட்டும் என்று விட்டேன்.

உங்கள் அக்கா தினமும் போன் செய்தார். உங்கள் மகன் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை, நான் எப்படி இருக்கிறேன் என்றும் கேட்கவில்லை. "பாம்புக்கு எப்படி இருக்கு?" பிறந்ததிலிருந்து பாம்பைக் கண்டாலே கல்லெடுக்கிற மனுஷி. அவர் குரலில் இருந்த ஆசையைக் கேட்டால் பாம்புக்கே பசித்துவிடும். ஒருநாள் உங்கள் மகனும் கேட்டார். ஊசியைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, "பொழைக்குமா?" என்றார். எந்தப் பதில் வேண்டும் என்று அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை, அத்தை. இத்தனை வருடம் கூடப் படுத்தவருக்கு எந்தப் பதில் வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அதைவிடக் கேவலம் ஒரு பெண்ணுக்கு வேறு என்ன இருக்கிறது?

ராசாத்தி பிழைத்துக்கொண்டது. சளி வற்றியது, தோலை ஒரே உறையாக உரித்துப் போட்டது, எலியைக் கண்டதும் முன்போலப் பாய்ந்தது. ஆனால் உங்கள் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. நீங்கள் இல்லாத வீட்டில் உங்கள் தீர்ப்புக்கு என்ன மதிப்பு? போன மாதம் ஒரு சனிக்கிழமை சும்மா பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு, ஜெராமிலிருந்து ஒரு அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு முப்பதுக்குப் பக்கம் இருக்கும். புருஷன் விபத்தில் போய்விட்டானாம். தொழிற்சாலையில் வேலை. நல்ல நீலத்தில் புடவை கட்டியிருந்தாள். உங்கள் மகன் தலை சீவியிருந்தார். அவர் தலை சீவியிருந்ததை நான் பார்த்துக்கொண்டே தேநீர் கொடுத்தேன்.

அந்தப் பெண்ணுக்கு ராசாத்தியைக் கண்டு பயமில்லை. பெட்டி பக்கம் போய்க் குனிந்து பார்த்து, "அழகா இருக்கே" என்றாள். உங்கள் அக்கா முகம் மலர்ந்துவிட்டது. இந்த வீட்டுக்கு இவள்தான் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டார். பாம்பைக் காட்டித்தான் வருகிறவளைத் துரத்தலாம் என்று நான் நினைத்திருந்தேன். அதுவும் போயிற்று.

குவளைகளை எடுத்துக்கொண்டு நான் சமையலறைக்குப் போனேன். அவளும் பின்னாலேயே வந்து, நான் வேண்டாம் என்று சொல்லியும் கழுவ ஆரம்பித்தாள். நல்ல வளர்ப்பு. கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்க்காமல் கேட்டாள். "அக்கா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். பெரியம்மா உங்கள வேற யாரோன்னு சொன்னாங்க. ஆனா உங்களையே கேக்குறேன். அவரு நல்லவரா?"

உங்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? என் வாயில் ஆயிரம் பொய் வந்து நின்றது. குடிகாரன் என்று சொல்லியிருக்கலாம். அடிப்பான் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். ஆனால் அவள் அவ்வளவு பவ்வியமாகக் கேட்டுவிட்டுக் குவளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லவருதான்மா" என்றேன். "குடிக்க மாட்டாரு. கை நீட்ட மாட்டாரு. எனக்கு மூணு தடவ கலைஞ்சிச்சி. மூணு தடவையும் ஆஸ்பத்திரிக்கு எங்கூட வந்தது எங்க மாமியார்தான். திட்டிக்கிட்டே வந்தாங்க, திட்டிக்கிட்டே வெளிய பெஞ்சில உக்காந்திருந்தாங்க. இவரு மூணு நாளும் வேலைக்குப் போயிருந்தாரு. லீவு கேட்டா குடுத்திருப்பாங்க. கேக்கல."

அவள் குவளையைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். "சரிக்கா" என்றாள். வெளியே போய் அவள் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். ஐந்து நிமிடத்தில் கார் கிளம்பிவிட்டது. உங்கள் அக்கா, "என்னடி சொன்னே, என்னடி சொன்னே" என்று கத்திக்கொண்டே அதே காரில் ஏற வேண்டியிருந்தது, அவருக்கு வேறு கார் இல்லை.

உங்கள் மகன் சமையலறை வாசலில் நின்றார். அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது, பேச்சு மும்முரத்தில் உங்கள் அக்காவுக்குத்தான் கேட்கவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே என்ன சுவரா இருக்கிறது? "ஏன் அப்படிச் சொன்னே?" என்றார். "பொய்யா?" என்றேன். அவர் சீவிய தலையைத் தடவிக்கொண்டார். "பரிகாரம் முடிஞ்சிபோச்சி" என்று நானே சொன்னேன். "நான்தான் முடிச்சேன். பாம்ப நான் வச்சிக்கிறேன், அது இனிமே சும்மா பாம்பு. நீங்க இருக்கிறதா போறதான்னு நீங்க முடிவு பண்ணுங்க. நான் எங்கயும் போறதா இல்ல." குரல் உயர்த்தாமல்தான் சொன்னேன். யாரிடம் கற்றுக்கொண்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அவர் போகவில்லை. இன்னும் இங்கேதான் இருக்கிறார், முன்னைவிடச் சத்தமில்லாமல்.

ஆனால் அத்தை, அந்தப் பெண்ணிடம் அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. மூன்று முறையும் நீங்கள்தான் வந்தீர்கள். வழியெல்லாம் என்னை வைதுகொண்டு, என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மிஸ்ஸியிடம் சண்டை போட்டுக் கம்பளி வாங்கிப் போர்த்திவிட்டு, அப்புறமும் வைதுகொண்டு. நான் உங்கள் வார்த்தைகளை மட்டும்தான் இத்தனை நாளாகப் பத்திரமாக வைத்திருந்தேன். பெஞ்சில் நீங்கள் உட்கார்ந்திருந்ததை வைத்திருக்கவில்லை. அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வெறுப்பதற்கு வசதியாக முழுசாகக் கெட்டவராக இருந்திருக்கக் கூடாதா நீங்கள்?

மன்னிக்க மாட்டேன். வயிற்றைப் பற்றி நீங்கள் சொன்னதையும், பந்தலில் சொன்னதையும் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். நீங்களும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்கும். ஆனால் யாராவது என்னிடம், உனக்கு அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டால், நான் உங்கள் பெயரைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.